வண்டியில் போன வெந்நீர்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். நெடுஞ்சாலையில் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். கேம்பர் டிரெய்லர் என்று பெயர். அவர்களில் நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களும் உண்டு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. வண்டியின் வெளிப்பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு முழம் அகலத்துக்குச் சதுரமாக ஒரு தகரக் கதவு இருக்கும். அதில் கீற்றுக் கீற்றாகத் துளைகள். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் வெந்நீர்த் தொட்டி. வழக்கமான அளவு 6 கேலன், நம் கணக்கில் சுமார் 23 லிட்டர்.

இந்தச் சின்னக் கதவு அங்கே வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. அது ஏன் வெளிச்சுவரில் இருக்கிறது என்பது நம் ஊர்க் குளியலறைக்கும் தேவையான பாடம் என்பதால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டுத் தாமிர பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். குழாயின் அடியில் கரியோ, விறகுச் சிராயோ, தேங்காய்ச் சிரட்டையோ போட்டுப் பற்றவைத்தால் சூடு தண்ணீரில் இறங்கும், புகை மேலே போகும். பாய்லரைப் புழக்கடையிலோ தாழ்வாரத்திலோதான் வைத்தார்கள். அதனால் புகையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

லண்டனில் குழாய் வழியே வீடுகளுக்கு கேஸ் வந்துவிட்ட காலத்தில், பெஞ்சமின் வாடி மான் என்ற பெயின்டர் 1868ல் ஒரு கருவி செய்தார். குழாயைத் திறந்தால் தண்ணீர் கேஸ் நெருப்பின் சூட்டில் நனைந்து இறங்கி, உடனே வெந்நீராக விழும். ஐஸ்லாந்தில் பூமியிலிருந்து பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றான கெய்சிரை நினைத்து அதற்கு கெய்சர் என்று பெயர் வைத்தார். நாம் இன்று கீசர் என்று சொல்வது அந்தப் பெயரைத்தான். எங்கோ ஐஸ்லாந்தில் பிறந்த சொல், ஆங்கிலேயர் வழியாக நம் குளியலறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

மானின் கருவியில் பெரிய குறை ஒன்று இருந்தது. அதற்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்த காற்று முழுவதும் கதவு சாத்திய குளியலறைக்குள்ளேயே நின்றது. கேஸ் எரியும்போது பிராணவாயு போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், பிறகு நினைவு தப்பிவிடும்.

அடுத்த படி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. நார்வேயிலிருந்து குடியேறிய எட்வின் ரூட் என்ற இன்ஜினியர் 1889ல் தானாக இயங்கும் தொட்டி வகை கேஸ் ஹீட்டரை உருவாக்கினார். தொட்டித் தண்ணீர் சூடானதும் நெருப்பு தானே தணியும், ஆறினால் தானே எரியும். அவர் பெயரில் இன்றும் அங்கே ஹீட்டர் விற்கிறார்கள். இன்றைய தொட்டி வகை கேஸ் ஹீட்டரைப் பிரித்துப் பார்த்தால் நம் தாமிர பாய்லர்தான் கண்ணில் படும். நடுவில் குழாய், கீழே நெருப்பு, சுற்றிலும் தண்ணீர்.

ஆனால் இவையெல்லாம் தெருக்குழாய் கேஸை நம்பிய கருவிகள். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் குழாய் எப்படி வரும்? அதற்கு வழி செய்தவர் வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர். 1910 வாக்கில், தன் காரின் பெட்ரோல் பாதி ஆவியாகிப் போய்விடுகிறது என்று ஒருவர் புகார் சொல்ல, அந்த ஆவியில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். அதில் புரோபேன் முக்கியமானது என்று கண்டார். அழுத்தினால் திரவமாகும், திறந்துவிட்டால் வாயுவாகும். 1912ல் ஒரு வீட்டுக்கு முதன்முதலாகப் புரோபேன் கொடுத்தார்கள். நம் சமையலறை சிலிண்டருக்கும் அவர்தான் மூதாதை. நம் சிலிண்டரில் புரோபேனோடு பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரியிலேயே வாயுவாக மறுத்துவிடும். புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பனி கொட்டும் ஊரில் வண்டிக்குப் புரோபேன் வைப்பது இதனால்தான்.

1936ல் வாலி பயம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் கிளிப்பர் என்ற அலுமினிய டிரெய்லரை விற்றது. விலை 1,200 டாலர். மின்விளக்கும் தண்ணீர்த் தொட்டியும் அதில் இருந்தன. ஆனாலும் அந்தக் காலத்து டிரெய்லர்களில் வெந்நீர் வேண்டுமென்றால் பெரும்பாலும் அடுப்பில் கெட்டில்தான். 1957ல் அதே நிறுவனம் இன்டர்நேஷனல் என்ற மாடலைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து எந்த இணைப்பும் இல்லாமல் விளக்கு, கழிப்பறை, வெந்நீர் மூன்றும் அதில் கிடைத்தன. காட்டு நடுவே நிறுத்தினாலும் வெந்நீரில் குளிக்கலாம்.

இப்போது அந்தத் தகரக் கதவுக்கு வருவோம். டிரெய்லர் என்பது ஒரு சின்ன அறை. அதற்குள் மானின் கருவியைப் போல எரியவிட்டால், தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் நெருப்பு எரியும் குழாயை வளைத்து, இரண்டு முனையையும் வெளிச்சுவர்ப் பக்கமே திருப்பினார்கள். எரியத் தேவையான காற்று கதவின் கீற்று வழியே வெளியிலிருந்து வரும், எரிந்த காற்றும் அதே கதவு வழியே வெளியே போகும். தொட்டி மட்டும் வண்டிக்குள், நெருப்பு வெளியுலகத்தோடு சேர்ந்தது. காற்றடித்து நெருப்பு அணைந்துபோனால் கேஸைத் தானே அடைக்கிற பாதுகாப்பும் வைத்தார்கள்.

பிற்பாடு கேம்ப் போடும் மைதானங்களில் மின்சாரக் கம்பங்கள் வந்தன. பிளக்கைச் சொருகினால் கரண்டு. உடனே அதே தொட்டியில் ஒரு மின்சார ஹீட்டர் கம்பியையும் பொருத்திவிட்டார்கள். சாதாரணமாக அது 1,440 வாட். நம் வீட்டு கீசர் 2,000 வாட். இது ஏன் குறைவு? அங்கே 120 வோல்ட், பல மைதானங்களில் 30 ஆம்பியர் இணைப்பு. ஆக மொத்தமே 3,600 வாட். அதற்குள் ஏசியும் மைக்ரோவேவும் ஓட வேண்டும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 23 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி உயர்த்த, மின்சாரத்தில் முக்கால் மணி நேரம் ஆகும். கேஸில் 25 நிமிடம் போல. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 15, 20 நிமிடம். மைதானக் கட்டணத்திலேயே கரண்டும் சேர்ந்திருந்தால் நிதானமாக மின்சாரம், அவசரத்துக்கும் காட்டுக்கும் கேஸ் என்று அனுபவஸ்தர்கள் வைத்துக்கொள்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மட்டும் மின்சார சுவிட்சைத் தொடக்கூடாது. நிமிடத்தில் கம்பி எரிந்துபோகும்.

என் மகன் வாடகைக்கு எடுத்த டிரெய்லரில் நான்கு நாள் நானும் என் மனைவியும் இருந்தோம். ஷவரில் குளித்தால் 23 லிட்டர் சட்டென்று தீர்ந்துவிடுகிறது என்று பேரப்பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். வாளியில் விளாவிக் குளித்துப் பழகிய எங்களுக்கு அது இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இப்போது பல வீடுகளில் கேஸ் கீசர் மாட்டுகிறார்கள். வாங்க மலிவு, தண்ணீரும் உடனே சுடும். ஆனால் புகைபோக்கி இல்லாமல், குளியலறைக்குள்ளேயே மாட்டி, குளிருக்காக ஜன்னலையும் சாத்திவிட்டால், அது 1868ல் மான் செய்த அதே தவறுதான். குளிர்காலத்தில் இப்படிக் குளியலறையில் மயங்கி உயிர்விட்டவர்களைப் பற்றி நாளிதழில் படிக்கிறோம். கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்குமே என்பார்கள். அந்த நாற்றம் சிலிண்டர் கேஸில் வேண்டுமென்றே சேர்த்த மருந்தின் நாற்றம். கேஸ் எரிந்தபின் அதுவும் எரிந்துபோகும். எரிந்த காற்றில் உள்ள விஷம் நம் மூக்குக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் வீட்டிலோ பிள்ளைகள் வீட்டிலோ கேஸ் கீசர் இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். கருவியும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான பால்கனியிலோ பின்கட்டிலோ இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். அதற்கு இடமில்லை என்றால் மின்சார கீசரே போதும். இல்லாவிட்டால் முதலில் வாளியில் பிடித்துவைத்து, கீசரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் பிறகு குளியுங்கள். குளிக்கும்போது தலை கிறுகிறுத்தால், வயதுக்கோளாறு என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.