கூரை மழைநீர்: குடிக்கும் முன் அறிய வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில், பாறைகளிலிருந்து கரையும் புளூரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்துள்ளது. குடிநீரில் இது ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நல்லது. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமே உச்ச வரம்பு. மிகுந்த புளூரைடு கலந்த நீரை நெடுங்காலம் அருந்துவோருக்குப் பற்களில் கறையும், பின்னர் எலும்பு, மூட்டுகளில் வலியும் விறைப்பும் ஏற்படலாம். பற்கள் உருவாகும் வயதிலுள்ள குழந்தைகளும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் கூடுதல் கவனத்திற்குரியவர்கள்.

காய்ச்சுவதால் புளூரைடு நீங்காது. நீர் வற்றும்போது அதன் செறிவு கூடவே செய்யும். மழைநீரில் புளூரைடு மிகக் குறைவு. எனவே இவ்வூர்களில் கூரை மழைநீர் நல்லதொரு மாற்று.

எவ்வளவு நீர் கிடைக்கும்?

1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். 40 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். சேதாரம் போக ஏறத்தாழ 1,600 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் செலவிடும் குடும்பத்திற்கு இது 80 நாட்களுக்குப் போதும்.

தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புகளில் பெரும்பாலானவை நீரை நிலத்தடிக்கு அனுப்புபவை. குடிநீருக்குத் தனித் தொட்டி தேவை.

சேகரிக்கும் முறை

• காங்கிரீட், ஓட்டுக் கூரைகள் ஏற்றவை. ஓலைக் கூரை, ஈயம் கலந்த வண்ணம் பூசிய கூரை ஆகியவற்றின் நீரைக் குடிக்க வேண்டாம்.
• மழைக்காலத்திற்கு முன் கூரையையும் குழாய்களையும் தூய்மை செய்யுங்கள்.
• ஒவ்வொரு முறையும் முதலில் வழியும் நீரை, சதுர மீட்டருக்கு 1 லிட்டர் வீதம், வெளியேற்றுங்கள். பறவை எச்சமும் தூசியும் அதிலேயே மிகுதி.
• தொட்டியை இறுக மூடி, திறப்புகளில் கொசுவலை கட்டுங்கள். நீரைக் குழாய் வழியே மட்டும் எடுங்கள்.

குடிக்கும் முன்

தெளிந்த நீரிலும் கிருமிகள் இருக்கலாம். நீர் தளதளவெனக் கொதித்த பின் குறைந்தது 1 நிமிடம் காய்ச்சுங்கள். அல்லது உறையில் குறிப்பிட்ட அளவில் குளோரின் மாத்திரையிட்டு 30 நிமிடம் காத்திருங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலையும் காய்ச்சி ஆறவைத்த நீரிலேயே கலக்குங்கள். 6 மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர் தர வேண்டியதில்லை.

கொசுவைத் தடுங்கள்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல நீரில்தான் பெருகும். குடம், வாளி போன்றவற்றை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுங்கள். கொசுவின் முட்டைகள் உலர்ந்த சுவரிலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

உடனே மருத்துவரை அணுகுங்கள்

• வயிற்றுப்போக்குடன் கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், நீர் அருந்த இயலாமை, மலத்தில் இரத்தம்
• காய்ச்சலுடன் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தக் கசிவு

டெங்கு என ஐயமிருப்பின் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தவிர்க்கவும். குழந்தையின் பற்களில் வெண்திட்டு அல்லது பழுப்புக் கறை தென்பட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, குடிநீரைப் பரிசோதிக்கும் வழியையும் கேட்டறியுங்கள். படிந்த கறை தானாக மறையாது. ஆனால் குடிநீரை மாற்றினால் இனி வளரும் பற்களையும் எலும்புகளையும் காக்கலாம்.