நூறு வோல்ட் ஒலிபெருக்கித் தடம்

நூறு வோல்ட் தடம் என்பது ஒரே மிகைப்பியிலிருந்து (ஆம்ப்ளிபையர்) தொலைவிலுள்ள பல ஒலிபெருக்கிகளுக்குத் திறனை அனுப்பும் முறையாகும். திருவள்ளூர் மாவட்டத்தின் நெசவு ஊரான பொதட்டூர்பேட்டை போன்ற இடங்களில், திருவிழாவுக்காகத் தெருநெடுகக் குழாய் ஒலிபெருக்கி கட்டும் மைக்செட் வேலைக்கு இம்முறை ஏற்றது.

தத்துவம்

100 வாட் திறனை 8 ஓம் சுமைக்கு நேரடியாக அனுப்பினால் கம்பியில் சுமார் 3.5 ஆம்பியர் பாயும். 100 வோல்ட்டில் 1 ஆம்பியரே போதும். கம்பியின் வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகிறது. குழாயிலுள்ள சிறு மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைத்து ஒலிச்சுருளுக்குத் தருகிறது.

இணைப்பு

எல்லாக் குழாய்களும் பக்க இணைப்பில் அமையும். அவற்றின் வாட் அளவுகளின் கூட்டுத்தொகை மிகைப்பியின் திறனைத் தாண்டலாகாது. 250 வாட் மிகைப்பிக்கு 15 வாட் குழாய்கள் 16 வரை இணைக்கலாம். மின்மாற்றி இல்லாத 8 ஓம் பெட்டியை இத்தடத்தில் கோத்துவிடுவதே பெருந்தவறு. முழு ஒலியில் அது 1250 வாட் கேட்கும். ஒலிச்சுருளோ மிகைப்பியின் டிரான்சிஸ்டர்களோ கருகிவிடும்.

பழுது காணல்

ஒரு குழாய் மட்டும் ஊமையானால் குறை அதிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். தடம் முழுதும் அடங்கி, பியூஸ் மாற்றியும் எரிந்தால் பெரும்பாலும் எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது. பன்மானியின் ஓம் அளவீடு இங்கே ஏமாற்றும். மின்மாற்றிச் சுருளின் நேர்மின் தடையை மட்டுமே அது காட்டும். மிகைப்பியை அணைத்து, தடத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் குறைந்த ஒலியில் சோதிப்பதே விரைவான வழி. பழுது ஒன்றே எனில், 16 குழாய்களிலும் நான்கு சோதனைகளில் இடம் அகப்படும்.

ஒலி நின்ற வேளையில் தடத்தில் மின்னழுத்தம் இராது; மேடையில் ஒருவர் பேசத் தொடங்கியதும் திரும்பிவிடும். ஆகவே அணைக்காமல் வெற்று முனைகளைத் தொடுவது ஆபத்தானது.