கோடுகளிலிருந்து உருவம்: பெட் படிம மறுகட்டமைப்பின் வரலாறு

பெட் ஸ்கேனுக்காக உடலில் ஏற்றப்படும் கதிரியக்க மருந்திலிருந்து பாசிட்ரான்கள் வெளிப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானோடு மோதி அழியும்போது, 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரு காமா ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. இரண்டு உணரிகள் அவற்றை ஒரே கணத்தில் பிடித்தால், இடைப்பட்ட கோட்டில் எங்கோ அந்த அழிவு நிகழ்ந்தது என்று தெரியும். எங்கே என்று தெரியாது. கோடிக்கணக்கான இத்தகைய கோடுகளிலிருந்து உருவத்தை மீட்பது கணிதத்தின் பொறுப்பு.

அதற்கான அடித்தளத்தை 1917-லேயே கணிதவியலாளர் யோஹான் ராடான் இட்டுவிட்டார். அதை விரைவான கணக்காக்கியதில் இந்தியர் இருவருக்குப் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்த ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் வெளியிட்ட வழிமுறையின் வடிகட்டி, இன்றும் ‘ராம்-லாக்’ என்றே அழைக்கப்படுகிறது. எழுபதுகளில் உருவான பெட் கருவிகள், அளவீடுகளை வடிகட்டிக் கோடுகளின் வழியே திரும்பப் பரப்பும் இந்த ‘வடிகட்டிய பின்வீழ்த்தல்’ முறையையே நம்பின.

சி.டி. ஸ்கேனில் ஃபோட்டான்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே இம்முறை செழித்தது. பெட்டில் ஒரு கோட்டுக்குச் சில எண்ணிக்கைகளே கிடைக்கும். அவற்றையும் பிழையற்ற அளவீடுகளாகவே இம்முறை எடுத்துக்கொள்கிறது. வடிகட்டி இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது. அதனால் படமெங்கும் கீற்றுகள். சில இடங்களில் கதிரியக்கம் எதிர்மறை எண்ணாகக்கூட வரும்; இயற்கையில் அதற்கு இடமே இல்லை.

1982-இல் பெல் ஆய்வகத்தின் லாரி ஷெப், யெகுடா வார்டி இருவரும் கேள்வியையே மாற்றினார்கள். கதிரியக்கச் சிதைவு தற்செயலானது, பாய்சான் விதிக்கு உட்பட்டது. அப்படியானால் கிடைத்த எண்ணிக்கைகளைத் தந்திருக்க மிகுந்த வாய்ப்புள்ள பரவல் எது? ஒரு படத்தை ஊகித்து, அது தரக்கூடிய எண்ணிக்கைகளைக் கணக்கிட்டு, உண்மை அளவீட்டோடு ஒப்பிட்டு, விகிதத்தால் திருத்தி, மீண்டும் மீண்டும் சுற்றுவதே அவர்கள் கண்ட விடை. இந்த வரலாற்றின் பெரும் திருப்பம் இதுதான். ஆனால் அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. தவிர, சுற்றுகள் கூடக்கூட இரைச்சலும் கூடியது.

1994-இல் ஆஸ்திரேலியாவின் ஹட்சனும் லார்க்கினும் தரவைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் படத்தைத் திருத்தினார்கள். வேகம் ஏறத்தாழத் தொகுதிகளின் எண்ணிக்கை அளவுக்குப் பெருகியது. இறுதி விடையில் சென்று நிலைக்கும் என்ற உறுதி இதற்கில்லை; இருந்தும் மருத்துவமனைகள் இதைத்தான் ஏற்றன. வென்றது வேகம்.

அதற்காகப் பழைய முறையை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. கதிரியக்கம் குறைந்த பகுதிகளில் திருத்தச் சுழற்சி முறைகள் மதிப்பைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். மூளை ஆய்வுக்கூடங்கள் பல நெடுங்காலம் பின்வீழ்த்தலை விடாததற்கு அது ஒரு காரணம். கருவியின் மங்கலையும் கணக்கில் சேர்க்கும் பிற்கால முறைகளோ சிறு கட்டிகளின் விளிம்பில் மதிப்பை மிகைப்படுத்துவதுண்டு. சிகிச்சைக்கு முன் ஒரு முறை, பின் வேறொரு முறை என்று மறுகட்டமைத்தால், மருந்து வேலை செய்ததா என்ற கேள்விக்கே தவறான பதில் கிடைக்கலாம். ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கம் மையங்களுக்கிடையே அளவீடுகளை ஒருமைப்படுத்த முனைந்ததும் இதனால்தான். அழகான படம் எது என்பதைவிட நம்பத்தக்க எண் எது என்பதே ஒப்பீட்டின் அளவுகோலாக வேண்டும்.

2021-இல் சைமன் செர்ரி உள்ளிட்ட குழு, இரு ஃபோட்டான்களின் வருகை நேர வேறுபாட்டை 32 பிக்கோவினாடித் துல்லியத்தில் அளந்து, நிகழ்விடத்தை ஏறக்குறைய 5 மில்லிமீட்டருக்குள் குறித்தது. மறுகட்டமைப்பே இல்லாமல் படம் பிறந்தது. ஆனால் அது இரண்டே உணரிகளைக் கொண்ட ஆய்வுக்கூடச் சோதனை. மருத்துவமனைக் கருவிகளில் சிறந்தவற்றின் துல்லியம் 200 பிக்கோவினாடி அளவில், அதாவது கோட்டின் மேல் 3 சென்டிமீட்டர் என்ற நிலையில் இருக்கிறது. மீதியை இன்னும் ஷெப்பும் வார்டியும் காட்டிய வழியில்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது.