பிடி அரிசியும் பளிங்குக் கல்லும்

பழைய பள்ளிக்கூடம் எதற்குள் நுழைந்தாலும் தாழ்வாரத்துச் சுவரில் ஒரு பளிங்குக் கல் பதிந்திருப்பதைக் காணலாம். இன்னார் நினைவாக இன்னார் கட்டிக் கொடுத்த அறை என்று அதில் பொறித்திருக்கும். எழுத்துகளில் ஏற்றிய கறுப்பு மை பாதி உதிர்ந்திருக்கும். நாள்தோறும் அதைக் கடந்து செல்லும் மாணவர் எவரும் நின்று படிப்பதில்லை. கல்விக்குக் கொடுத்தவர்களை ஓர் ஊர் எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறது என்ற வினாவுக்கு அந்தக் கல் ஒரு விடை. ஆனால் அது ஒன்றே விடை அன்று என்பதைத் தமிழகக் கல்வி வரலாற்றின் சில பக்கங்கள் நமக்குச் சொல்கின்றன.

1954இல் காமராசர் முதலமைச்சரானார். அவருடைய ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக விளங்கியவர் நெ. து. சுந்தரவடிவேலு. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றி, தம் நினைவுகளை ‘நினைவு அலைகள்’ என்னும் பெருநூலாக எழுதியவர் அவரே. ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்று அரசு முனைந்த காலம் அது. பள்ளியைத் திறப்பதற்கு ஆணை போதும். கூரைக்கும் பலகைக்கும் மணிக்கும் பணம் வேண்டும். அரசின் கருவூலமோ எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பதாக இல்லை. அந்த நெருக்கடியில் பிறந்தவையே பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1958இல், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடிற்று. அதன்பின் அவை மாநிலம் எங்கும் பரவின.

அவற்றின் அமைப்பு எளிமையானது. ஆசிரியர்களும் ஊரார்களும் ஒன்றாக அமர்ந்து பள்ளியின் தேவைகளைப் பட்டியலிடுவார்கள். ஒழுகும் கூரைக்கு ஓடு, உட்காரப் பலகை, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை, விளையாட நிலம், ஏழைப் பிள்ளைக்குச் சட்டை என்று பட்டியல் நீளும். அதிலிருந்து தத்தம் ஆற்றலுக்கு ஏற்ற ஒன்றை ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள்வர். நிலமுடையவர் நிலத்தைக் கொடுப்பார். வேறொருவர் பானையைக் கொடுப்பார். பிறகு வட்டாரத்துப் பள்ளிகள் அனைத்தும் சேர்ந்து நடத்தும் மாநாட்டில், கொடுத்தவர்கள் ஊரறியப் பாராட்டப்படுவார்கள். முதலமைச்சரே பல மாநாடுகளில் கலந்துகொண்டார். வரி கேட்டு வந்தால் முகம் சுளிக்கும் குடியானவர், தம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு ஒரு பெஞ்சு வேண்டும் என்று கேட்டால் மரத்தை வெட்டித் தரத் தயங்கமாட்டார் என்பதைச் சுந்தரவடிவேலு அறிந்திருந்தார். அவர் பகுத்தறிவு நெறியினர். ஆலயத்துக் காணிக்கையின் உளவியலை நம்மில் பலரைவிட அவர் நன்கு புரிந்துகொண்டிருந்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

பகல் உணவும் அப்படித்தான் தொடங்கிற்று. 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அதைத் தொடங்கி வைத்தபோது, ஊராரின் கொடையே அதற்கு அடித்தளமாக இருந்தது. பின்னர் அரசு துணைக்கு வந்தபோதும், ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சோற்றுக்கு ஆகும் 10 பைசாவில் 6 பைசாவை அரசு தந்தது. எஞ்சிய 4 பைசா ஊரின் பொறுப்பாயிற்று. அந்த நான்கு பைசாவைத் தந்தவர்களுக்கு எந்தச் சுவரிலும் கல் இல்லை.

காமராசருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? விருதுநகரில் அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையை அறிந்தவர்களுக்கு விடை தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் நாடார் சமூகத்தினர் அந்தப் பள்ளியை எழுப்பினர். கோவில்களுக்குள் நுழைய அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் அது. மறுக்கப்பட்ட மதிப்பை எழுத்தறிவால் ஈட்ட அவர்கள் முனைந்தார்கள். வணிகர்கள் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட மகிமை என்னும் பொதுநிதி அதற்குக் கைகொடுத்தது. அத்தோடு பிடி அரிசியும் சேர்ந்தது. வீட்டில் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போகும். ஆகவே அதைப் பிடி அரிசிப் பள்ளிக்கூடம் என்றே சொன்னார்கள். பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருந்தது.

அந்தப் பிடி அரிசியைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மகிமை ஆடவர் கையில் இருந்தது. அதற்குக் கணக்கும் பேரேடும் உண்டு. கலயமோ பெண்கள் கையில் இருந்தது. அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தக் கை கலயத்தின் பக்கம் நீண்டிருக்கும். அன்று யாருடைய வயிற்றிலிருந்து அந்தப் பிடி குறைந்தது என்பதும் அவளுக்குத்தான் தெரிந்திருக்கும். எருசலேம் ஆலயத்தில் இரு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அவளுக்கும் பெயர் இல்லை. அவள் ஒரு நாள் கொடுத்தாள். இவர்கள் தலைமுறைக் காலம் கொடுத்தார்கள். தந்தையை இழந்து ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு மாணவன் பிற்காலத்தில் நாட்டின் பிள்ளைகளுக்குச் சோறிட்டுப் படிக்க வைத்தான் என்றால், அந்தக் கலயங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வரலாற்றில் நிழலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அரசு செய்ய வேண்டியதை ஏழை ஊரின் தோளில் ஏற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. செல்வர் உள்ள ஊர்ப் பள்ளிக்கு மாடி எழும்பும். கூலி மக்கள் வாழும் சேரிப் பள்ளிக்குப் பானையும் கிடைப்பது அரிது. கொடுத்தவரின் குடும்பம் பள்ளியின்மீது உரிமை கொண்டாடத் தொடங்கிவிட்டால், நன்றியே ஒரு சுமையாகிவிடும். 1982இல் சத்துணவுத் திட்டம் பெரும் அளவில் விரிந்தபோது பிள்ளைகளின் உணவு யாருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றாயிற்று. அது நல்லதே. ஆயினும் நான்கு பைசா கொடுத்த ஊர் பள்ளியை எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டது. கொடுக்க வேண்டாத ஊர் அந்தப் பழக்கத்தை மெல்ல விட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முற்றிலும் விட்டுவிடவில்லை என்பதற்கு மதுரையை அடுத்த கொடிக்குளம் சான்று. 2024 சனவரியில், அவ்வூர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்துவதற்காக, வங்கி ஊழியரான பூரணம் அம்மாள் ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடையாக எழுதிக் கொடுத்தார். அதன் மதிப்பு ஏழு கோடி ரூபாய்க்கும் மேல் என்று செய்தித்தாள்கள் எழுதின. மறைந்த மகள் ஜனனியின் பெயர் பள்ளிக்கு வேண்டும் என்பது அவருடைய விருப்பம். விளம்பரம் தேடாமல் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வழக்கம்போல் வேலைக்குச் சென்றார்; செய்தி வெளியே வந்தபின்தான் பாராட்டுகள் அவரைத் தேடி வந்தன. அவ்வாண்டு குடியரசு நாள் விழாவில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார். பெற்ற மகளின் பெயரைப் பள்ளிச் சுவரில் காண விரும்பும் தாயிடம், பெயர் பொறிப்பது வீண் பெருமை என்று யார் சொல்லத் துணிவார்? கல்லை நான் குறைகூறவில்லை. கல்லுக்கு எட்டாதவர்களைப் பற்றியே என் கவலை.

நம் பங்குப் பள்ளிகளுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டினால் ஆயரின் ஆசிச் செய்தியும் தாளாளர்களின் நிழற்படங்களும் தலைமையாசிரியர்களின் வரிசையும் முறையாக அமைந்திருக்கும். அவர்களுக்கு உரிய மதிப்பு அது. ஆனால் பிடியரிசி சேர்த்துக் கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் பங்குகள் பலவற்றிலும் இருந்ததை முதியோர் அறிவர். கோவில் கட்டிய கைகளே பள்ளிக்கும் மண் சுமந்தன. பழைய பங்குக் கணக்கேடுகளில், மங்கிய மையில், இன்னார் வீட்டு அரிசி இத்தனை படி என்று ஒரு வரி எங்கேனும் கிடக்கக்கூடும். ஏடு இல்லாத இடத்தில் முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். தலையில் செங்கல் சுமந்த சிறுமியர் இன்று பாட்டிமாராகி, ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பெயரர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.