மலைநாட்டு நல்லெண்ணெய் நரம்புநோய், 1977–78

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1977–78 காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமியரைத் தாக்கிய நச்சு நரம்புநோய். பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்திருந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. நிமால் சேனநாயக்க, ஜே. ஜெயரத்தினம் இருவரும் 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதை எழுதினர். நரம்பியல் மருத்துவர் ஒருவர் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று விளக்க இலங்கையில் இதைவிடத் தெளிவான சம்பவம் அரிது.

நோய் கண்ட பிள்ளைகள் ஒரே தோட்டத்தவர் அல்லர். கண்டுபிடிப்பைக் கடினமாக்கியதே இதுதான். மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைகளை ஒட்டிய எல்கடுவ போன்ற தோட்டப் பகுதியை எடுத்துக்கொள்வோம். லயத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் இழுத்தால் முதலில் பார்ப்பவர் தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளர். அவர் மாத்தளைக்கு அனுப்புவார். அங்கே பிடிபடாவிட்டால் கண்டிக்குப் போகவேண்டும். தோட்டத்தில் இருப்பவர் கண்ணில் படுவது ஒரு பிள்ளை மட்டுமே. பல தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே வார்டில் படுத்திருக்கும்போதுதான் இது தனி ஒருத்தியின் நோய் அல்ல என்று தெரியவரும்.

நரம்பியலில் நோயின் பெயர் கடைசியில்தான் வரும். பழுது எங்கே, எவ்வளவு வேகத்தில் வந்தது என்ற இரண்டு கேள்விகள் அதற்கு முன்னே நிற்கின்றன. இந்த நோயில் முதலில் கெண்டைக்காலில் குடைச்சல், பிறகு பாதத்தில் பலவீனம். பிள்ளையைக் குதிகால் ஊன்றி நடக்கச் சொன்னால் முன்பாதம் எழும்பாது. நடக்கும்போது பாதம் தொங்குவதால் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைப்பாள். சில நாளில் கைவிரல்களும் தளரும். இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்கும். தொடு உணர்ச்சி பெரிதாகக் கெடாது. சுத்தியலால் தட்டினால் கணுக்காலில் அசைவே இல்லை, முழங்காலோ துள்ளும். புறநரம்பு மட்டும் கெட்டிருந்தால் முழங்கால் இவ்வளவு துடிப்பாக இருக்க நியாயமில்லை. முதுகுத்தண்டிலும் ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம் அங்கேதான் எழ வேண்டும். ஸ்கேன் இயந்திரம் எட்டாத அந்த நாளில் ஒரு சாதாரணச் சுத்தியல் சொன்ன செய்தி இது.

கால் திடீரென்று தளர்ந்த பிள்ளையைக் கண்டால் அன்றைய மருத்துவர் மனதில் முதலில் வருவது இளம்பிள்ளைவாதம். ஆனால் அது காய்ச்சலோடு வரும், பெரும்பாலும் ஒரு பக்கத்தைக் கூடுதலாகப் பிடிக்கும், சிறு குழந்தைகளையே அதிகம் தாக்கும். அடுத்தது கில்லன்-பாரே நோய். அதில் அனிச்சைகள் எல்லா இடத்திலும் அடங்கிவிடும். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் புரதம் ஏறியிருக்கும். நரம்பின் மேலுறை கெடுவதால் மின்சோதனையில் நரம்புச் சைகையின் வேகம் குறையும். உணவுத் தட்டுப்பாட்டை அனுபவித்த தோட்டங்கள் என்பதால் தயமின் குறைவால் வரும் பெரிபெரியையும் ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் பொருந்தும், முழுதாகப் பொருந்தாது. அனுபவம் குறைந்த மருத்துவர் அதிகம் பொருந்தும் பெயரைப் பிடித்துக்கொள்வார். தேர்ந்தவர் பொருந்தாத அந்த ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

பொருந்தாதது இங்கே வயதும் பாலினமும்தான். தம்பிமாருக்கு இல்லை, தாய்க்கு இல்லை, சின்னத் தங்கைக்கும் இல்லை. அண்மையில் பெரிய பிள்ளையானவளுக்கு மட்டும் வருகிறது. எந்தக் கிருமியும் இப்படி ஆள் பார்த்து வராது. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே இருத்திப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது தமிழர் வழக்கம். இடுப்புக்குப் பலம் என்பார்கள். வீட்டில் மற்றவர்கள் நல்லெண்ணெயைக் கறியில் சில துளியாக உண்ண, இவள் அதையே நாள்தோறும் குடிக்கிறாள். எண்ணெயைச் சோதித்தபோது நஞ்சு அகப்பட்டது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் கலப்பு நேர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. வழக்கத்தைக் குற்றஞ்சாட்ட இதில் ஒன்றுமில்லை, பழி கொள்கலனுக்கே.

டிரைகிரெசில் பாஸ்பேட் மசகெண்ணெயிலும் பிளாஸ்டிக் தயாரிப்பிலும் பயன்படுவது. அதன் ஓர்த்தோ வடிவம் உடலுக்குள் மாற்றமடைந்து நரம்புயிரணுவிலுள்ள ஒரு நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. நீளமான நரம்பிழைகள் நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வரும். பாதம் முதலில் விழுவது இதனால்தான். குடித்த அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே கால் தளரும். வீட்டார் எண்ணெயைச் சந்தேகிக்காததில் வியப்பில்லை. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் கலந்து பல்லாயிரம் பேரையும், 1959இல் மொரோக்கோவின் மெக்னஸ் நகரில் விமான எஞ்சின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெய் வழியாகச் சுமார் பத்தாயிரம் பேரையும் முடமாக்கியது இதே நஞ்சு. அந்த வரலாறு தெரிந்தவருக்கே எண்ணெயை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது எதைத் தேடச் சொல்வது என்று தோன்றும்.

சிகிச்சையில் பெரிய முடிவு எதைச் செய்யக்கூடாது என்பதுதான். இதற்கு மாற்று மருந்து இல்லை. கில்லன்-பாரே நோய்க்குப் பலர் அக்காலத்தில் ஸ்டீராய்டு கொடுத்து வந்தனர்; அந்த நோய்க்கே ப்ரெட்னிசலோன் உதவாது என்று பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 1978இல் காட்டியது. எண்ணெயை நிறுத்துவது, பாதத்துக்குத் தாங்கு பட்டை, உடற்பயிற்சி, பொறுமை ஆகியவையே மிச்சம். சேனநாயக்க இந்தப் பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்துத் தனிக் கட்டுரையும் எழுதினார். புறநரம்பு மெல்ல வளர்ந்து கைகால் பலம் திரும்பும். முதுகுத்தண்டின் இழைகள் அப்படி வளர்வதில்லை. தொடக்கத்தில் தளர்ந்திருந்த கால் பின்னாளில் விறைப்பது அதனால். பெற்றோரிடம் முதல் மாதமே ‘சரியாகிவிடும்’ என்று சொல்லிவிடக் கூடாத நோய் இது.

சேனநாயக்கவே பின்னர் லக்ஷ்மன் கரலியத்தவுடன் சேர்ந்து, பூச்சிமருந்து குடித்த பத்து நோயாளிகளிடம் இன்னொரு நரம்புப் பழுதை இனங்கண்டு 1987இல் வெளியிட்டார். அட்ரோபின் கொடுத்துத் தேறியதாகத் தோன்றும் நோயாளிக்கு, நஞ்சருந்திய 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் தோளும் மூச்சுத் தசைகளும் தளர்ந்துபோகும். ‘இடைநிலை நோய்க்குறி’ என்ற அந்தப் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது. வார்டில் இதன் பயன் உடனடியானது: தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் சுவாச இயந்திரம் உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்தப் பத்துப் பேர் குடித்திருந்த மொனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் இரண்டும் 1995இலும், டைமெத்தோயேட்டும் பெந்தியோனும் அதன் பிறகும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன.

கால் தளர்ந்த பிள்ளைக்கே திரும்புவோம். இலங்கையில் இளம்பிள்ளைவாதம் கடைசியாகப் பதிவானது 1993இல். ஆயினும் 15 வயதுக்குட்பட்ட யாருக்கும் கை கால் திடீரென்று தளர்ந்தால் சுகாதாரத் துறைக்கு உடனே அறிவித்து, 14 நாளுக்குள் இரண்டு மலமாதிரிகள் எடுக்க வேண்டும் என்ற விதி தொடர்கிறது. எல்கடுவயில் இன்று ஒரு சிறுமிக்குப் பாதம் தொங்கினால் அந்த அறிவிப்புப் படிவம் கட்டாயம் நிரப்பப்பட வேண்டும். அவள் கடந்த மாதம் என்ன குடித்தாள் என்பதை மருத்துவர்தான் கேட்டறிய வேண்டும்.