எந்த இசை நம் இசை?

நம் பங்கின் இணையதளத்தைத் திறந்ததும் எந்த இசை ஒலிக்க வேண்டும்? ஆர்கன் ஒலியா, நாகஸ்வரமா? திருச்சபைக்கு இது பழைய கேள்வி.

1623-இல் தத்துவ போதகர் நொபிலி அடிகளார் மதுரையிலிருந்து நம் சேந்தமங்கலத்துக்கு வந்தார். இங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அதே ஆண்டு சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, குடுமி, சந்தனம் முதலிய நம் நாட்டு வழக்கங்களைக் கிறிஸ்தவர்கள் சில நிபந்தனைகளோடு தொடர அனுமதித்தார்.

இசைக்கு அந்த இடம் கிடைக்க வெகுகாலமாயிற்று. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், பியானோவோடு முரசு, தாளம் போன்ற கருவிகளையும் ஆலயத்தில் தடைசெய்தார். நாடக மேடைப் பாணி வழிபாட்டை விழுங்கிவிடக் கூடாதென்பதே அவரது கவலை. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், ஆர்கனைப் போற்றியதோடு, அந்தந்த மக்களின் சொந்த இசைமரபுக்கும் உரிய மதிப்பளிக்கச் சொன்னது. கருவி எதுவானாலும் அது இறைமக்களின் பக்தியை வளர்க்க வேண்டும்; அதுவே அளவுகோல்.

இணையதளம் ஆலயமல்ல, ஆலயத்தின் வாசல். படுக்கையில் கிடக்கும் நோயாளியும், வெளியூரில் உழைக்கும் நம் பிள்ளையும் அவ்வழியே நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் காதில் சினிமா மெட்டு விழ வேண்டாம். நம் பாடகர் குழுவின் குரலே மெல்ல ஒலிக்கட்டும். மௌனமாகச் செபிக்க விரும்புவோர் அதை நிறுத்தவும் வழியிருக்கட்டும். ஆமென்.