மாளிகையின் பின்கட்டு

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பெருநிலக்கிழார்கள் எழுப்பிய மாளிகைகளைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். அவற்றின் முகப்புத் தூண்களையும், நூலகங்களையும், ஓவிய வரிசைகளையும், அகன்ற புல்வெளிகளையும் வருணிக்கும் நூல்கள் ஏராளம். இன்று தங்களிடம் நான் பேச விரும்புவது அம்மாளிகைகளின் பின்கட்டைப் பற்றியாகும். துணி வெளுத்த கூடம், சேறு படிந்த பூட்ஸைத் துடைத்த அறை, கத்தி தீட்டிய அறை, விளக்குத் துடைத்த அறை ஆகிய இவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று நேயர்கள் வினவக்கூடும். உண்டு. முன்கட்டைப் பார்த்தால் வீட்டுக்கு உடையவர் தம்மைப் பிறர் எவ்வாறு மதிக்க வேண்டுமென்று விரும்பினார் என்பது தெரியும். அவ்வீடு உண்மையில் எவர் கைகளால் நடந்தது என்பதை அறியப் பின்கட்டுக்குத்தான் போகவேண்டும்.

துணி வெளுப்பது அந்நாட்டில் முற்காலத்தில் வாரந்தோறும் நடந்த வேலையன்று. வசதி மிக்க குடும்பங்களில் பல வாரங்களுக்கு ஒருமுறை பெருஞ்சலவை நடைபெறும். மரச்சாம்பலிலிருந்து வடித்தெடுத்த காரநீரை, துணிகள் அடுக்கிய தொட்டியின்மீது மீண்டும் மீண்டும் ஊற்றி அழுக்கை எடுப்பர். நம் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு செய்த தொழிலுக்கு இது நெருங்கிய உறவு எனலாம். பின்னர்த் துணிகளைப் புல்தரையில் விரித்து வெயிலில் வெளிறச் செய்வர். அடிக்கடி வெளுக்க வேண்டாத அளவுக்கு விரிப்புகளும் உள்ளாடைகளும் பெட்டி பெட்டியாக வைத்திருப்பதே செல்வத்தின் அடையாளமாயிருந்தது.

சவர்க்காரத்தை ஏன் தாராளமாகப் பயன்படுத்தவில்லை? அதற்கு வரி இருந்தது. 1712-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து தண்டப்பட்டு வந்த அவ்வரியை நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் 1853-இல் நீக்கினார். தூய்மைக்கு வரி விதித்த அரசாங்கம் அது ஒன்றுதானா என்பது வேறு கேள்வி. சவர்க்காரம் மலிந்தது, ஆலைகளின் பெருக்கத்தால் பருத்தித் துணியும் மலிந்தது. வாரந்தோறும் வெளுத்த வெள்ளைத் துணி மதிப்புக்குரிய குடும்பத்தின் இலக்கணமாயிற்று. அவ்வெண்மையை உண்டாக்க மாளிகையின் பின்புறத்தில் இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்தை எவ்வாறு வகுப்பது என்பதை ஒரு சாத்திரமாகவே எழுதி வைத்தவர் ராபர்ட் கெர் என்னும் ஸ்காத்லாந்துக் கட்டடக் கலைஞர். கனவான்களின் இல்லத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1864-இல் வெளிவந்தது. வீட்டமைப்பின் தலையாய விதியாக அவர் கொண்டது தனிமை. குடும்பத்தார் ஒரு சமூகம், பணியாளர் மற்றொரு சமூகம்; ஒருவர் நடமாட்டம் மற்றவர் கண்ணிலும் காதிலும் படலாகாது என்பது அவர் கருத்து. அவ்விதிப்படி வேலைக்கொரு அறையாக அவர் பிரித்துக்கொண்டே போகிறார். அழுக்குத் துணி சேர்க்கும் இடம் ஒன்று. துவைக்கும் அறை ஒன்று. உலர்த்தும் அறை ஒன்று. தேய்த்து மடிக்கும் கூடம் ஒன்று. உடைகளைத் தூசு தட்டும் அறை, பூட்ஸ் அறை, கத்தி அறை, விளக்கறை என்று அப்பட்டியல் நீளும். படித்துக்கொண்டு வரும்போது ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையைப் பார்ப்பது போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று. ஒழுங்கு மிகுதி, மூச்சு விட இடம் குறைவு.

கெர்ரின் நூலுக்கு மூன்றாண்டு முன்னர், 1861-இல், இசபெல்லா பீட்டன் என்னும் இளம்பெண்மணி தொகுத்த குடும்ப நிருவாக நூல் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 25. சமையற் குறிப்புகளுக்காகவே புகழ் பெற்ற நூல் அது. ஆயினும் சலவைப் பெண்ணைப் பற்றி அதில் வரும் பகுதி என் உள்ளத்தைக் கவர்ந்தது. துவைக்கும் தொட்டிகள் வெளிச்சத்தை நோக்கி அமைய வேண்டும். குனிவதற்கு வசதியாக அவை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்க வேண்டும். வேலை செய்யும் பெண்களின் உயரத்துக்கு இசைந்தவாறு அவற்றைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும், அடியில் சாக்கடைக்குச் செல்லும் வழியும் வேண்டும். தரை, கல்லாயினும் தாராயினும், மெல்லச் சாய்ந்து வடிகாலில் முடிய வேண்டும் என்கிறார். அடுத்த அறையில் 12 அல்லது 14 அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள மேசை, ஒரு மூலையில் துணியை அழுத்தும் மாங்கிள் எந்திரம், இஸ்திரி இரும்புகளைச் சூடேற்றும் அடுப்பு ஆகியவை இருக்கவேண்டும். கெர் பார்வைக்கு மறைப்பதைப் பற்றி முதலில் எண்ணினார். பீட்டன் அம்மையாரோ குனிபவளின் இடுப்பைப் பற்றியும் எண்ணினார். இருவருடைய எண்ணத்தில் எது மேலானது என்று கேட்டால் நான் தயங்காமல் அம்மையார் பக்கமே நிற்பேன்.

ஏனெனில் அவ்வேலையின் கடுமை சாதாரணமானதன்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காலன் நீரின் எடை 10 பவுண்டு. 20 காலன் கொள்ளும் கொப்பரை ஒன்றைக் குழாய் இல்லாத வீட்டில் நிரப்புகிறவள் 200 பவுண்டு சுமக்கிறாள். அது ஒருமுறை கொதிக்க வைப்பதற்கு மட்டும். அலசுவதற்கு வேறு நீர். நீலம் போடுவதற்கு வேறு நீர். அழுக்கு நீரை வெளியே கொண்டு கொட்டுவதும் அவள் பொறுப்பே. வாரத்தின் முதல்நாள் காலையில் துணிகளைக் கணக்கேட்டில் பதிந்து, வெள்ளைத் துணி, மென்துணி, வண்ணத் துணி, கம்பளி, எண்ணெய் படிந்த சமையலறைத் துணி என்று ஐந்து குவியலாக அவள் பிரிப்பாள். ஊறவைத்தலும் துவைத்தலும் முடிந்தபின் உலர்த்தலும், கஞ்சி போடுதலும், தேய்த்தலும் அவ்வாரத்தின் எஞ்சிய நாட்களை விழுங்கிவிடும்.

மாளிகைச் சலவைக்கூடங்களில் இருந்த பெட்டி மாங்கிள் என்பது விசித்திரமான எந்திரம். கட்டில் போன்ற நீண்ட மரப்பெட்டி. அதன் நிறையக் கற்கள். துணியைச் சுற்றிய உருளைகளின்மீது அப்பெட்டியை, கைப்பிடிச் சக்கரத்தைச் சுழற்றி, முன்னும் பின்னும் உருட்டுவர். விரிப்புகள் சுருக்கம் நீங்கி வழவழப்பாகும். பிரபுவின் படுக்கை விரிப்பு கண்ணாடிபோல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கற்களின் கனமே. இறுதி அலசலில் மஞ்சள் பூத்த வெள்ளையை மறைக்க நீலம் சேர்ப்பது வழக்கம். அதற்குப் பயன்பட்டவற்றுள் இந்தியாவிலிருந்து கப்பலேறிய அவுரி நீலமும் ஒன்று. நம் தென்னார்க்காட்டு மாவட்டம் அவுரிப் பயிருக்குப் பெயர் பெற்றிருந்தது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

இனி, பூட்ஸ் அறைக்கு வருவோம். மழையும் ஈரமண்ணும் மலிந்த நாட்டில், வேட்டைக்கும் வயலுக்கும் சென்று மீளும் கனவான் ஒருநாளில் இரண்டு மூன்று இணை காலணிகளை அழுக்காக்குவார். வீட்டில் விருந்தினர் பதின்மர் தங்கினால் கணக்கு என்னாகும்? இரவில் படுக்கையறைக் கதவுக்கு வெளியே வைத்த பூட்ஸ் காலையில் மின்னிக்கொண்டு அதே இடத்தில் இருக்கும். இடையே நடந்தது பூட்ஸ் துடைக்கும் பையனுக்குத்தான் தெரியும். காற்றோட்டமற்ற சிறு அறையில், எலும்புக் கரியில் செய்த கருஞ்சாயத்தைப் பூசி, தூரிகையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவான். அச்சாயத்தைச் செய்த தொழிற்சாலை ஒன்றில், தன் பன்னிரண்டாம் வயதில், 1824-இல், புட்டிகளுக்குக் காகிதம் ஒட்டும் வேலைக்குச் சென்ற சிறுவனே பிற்காலத்தில் நாவலாசிரியராக விளங்கிய சார்லஸ் டிக்கன்ஸ். தந்தை கடனுக்காகச் சிறையிலிருந்த காலம் அது. அந்த மாதங்களின் வடு அவர் நூல்களில் பலவிடங்களில் தெரிகிறது.

பூட்ஸ் துடைத்தவர்கள் பெரும்பாலும் எழுதி வைத்ததில்லை. ஹன்னா கல்விக் என்னும் பணிப்பெண் அரிய விதிவிலக்கு. ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில் 1833-இல் பிறந்த அவள், பல வீடுகளில் ஊழியம் செய்தவாறே நாட்குறிப்பு எழுதினாள். தான் துடைத்த பூட்ஸ் எத்தனை என்றும் அதில் கணக்கு வைத்தாள். கனவான்களின் இல்ல நூலில் பூட்ஸ் அறைக்குக் கிடைத்த இடம் சிறிது. அவ்வறையில் கழிந்த உழைப்பை எண்ணிச் சொல்ல ஒரு பெண் தன் இரவுத் தூக்கத்தைச் செலவிட வேண்டியிருந்தது.

இந்த அறைகள் மறைந்த விதம் வரலாற்று மாணவனுக்குச் சுவையானது. கத்தி அறையை ஒழித்தது ஓர் உலோகம். சாதாரண எஃகுக் கத்தி எலுமிச்சம்புளி பட்டாலே கறுக்கும். அன்றாடம் தீட்டாவிட்டால் துருவேறும். ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913-இல் துருவேறா எஃகை உருவாக்கினார். அது சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் கத்தி தீட்டுவோனுக்கு வேலையில்லை. விளக்கறையை ஒழித்தது மின்சாரம். நார்தம்பர்லாந்தில் ஆர்ம்ஸ்டிராங் என்னும் பொறியியற் பேரறிஞர் தம் கிராக்ஸைடு மாளிகையில் 1878-இலேயே நீர்விசையால் மின்விளக்கு ஏற்றினார். ஏனைய மாளிகைகள் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தன. நகரங்களில் நீராவிச் சலவை நிலையங்கள் தோன்றியபின் கூடைகூடையாகத் துணிகள் ரயிலேறிச் சென்று வெளுத்துத் திரும்பின.

அறைகளுக்கு முன்னரே ஆட்கள் குறைந்தனர் என்றும் சொல்லலாம். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு ஊழியத்தில் இருந்தனர். 1914-இல் தொடங்கிய போர் அவர்களுள் பலரைத் தொழிற்சாலைகளுக்கு அழைத்துச் சென்றது. அங்கே வேலை நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு. மாலைப்பொழுது தமக்கே உரியது. போர் முடிந்தபின் திரும்பிவர மனமில்லாதவர்கள் பலர். அவர்களைக் குறை கூறிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிய சீமாட்டிகள் எவரும் கொப்பரையை ஒருநாளாவது நிரப்பிப் பார்த்தவரல்லர் என்பது என் துணிபு.

அதே போரில் அகழிகளில் நின்ற வீரர்களுக்காக எடின்பரோவில் 1856-இல் தோன்றிய ரப்பர் நிறுவனம் ஒன்று பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணை ரப்பர் பூட்ஸைச் செய்தளித்தது. வெலிங்டன் என்று அப்பூட்ஸுக்குப் பெயர். சீரங்கப்பட்டணப் போரில் படை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லியே பின்னர் வெலிங்டன் கோமகனானவர். நம் நீலகிரியிலுள்ள வெலிங்டனும் அவர் பெயர் தாங்கியதே. ரப்பர் பூட்ஸுக்குக் கருஞ்சாயமும் வேண்டாம், மெருகும் வேண்டாம். குழாயடியில் காட்டினால் போதும். பூட்ஸ் துடைக்கும் பையன் போனான். ஆனால் மழையும் சேறும் போகவில்லை. ஆகையால் அறை மட்டும் நின்றது. பின்வாயிலருகே, நனைந்த மேலங்கிகளைத் தொங்கவிடவும் நாயைத் துடைத்துவிடவும் அது வீட்டாருக்கே உரிய அறையாயிற்று.

சலவைக்கூடமும் அவ்வாறே சுருங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மின்சாரச் சலவை எந்திரம் பரவியதும், நான்கு அறைகளில் பல பெண்கள் செய்த வேலை ஒரு மூலைக்கு வந்து சேர்ந்தது. வீட்டுத் தலைவியே துவைக்கத் தொடங்கியபின் அமைப்பின் விதிகள் தலைகீழாக மாறியதைக் கவனியுங்கள். தொலைவில் மறைந்திருந்த அறை சமையலறைக்கு அருகில் வந்தது, சன்னல் பெரிதாயிற்று. நாட்டுப்புறத்தில் புது வீடு கட்டுவோர் சலவைக்கும், பூட்ஸுக்கும், தட்டுமுட்டுகளுக்கும் சேர்த்து ஒரே அறை வகுக்கும்போது, தோட்டத்திலிருந்து நேரே நுழையும் கதவு, கழுவிவிடக்கூடிய சாய்தரை, இடுப்பளவு உயரத்தில் ஆழ்ந்த தொட்டி, உட்கார்ந்து காலணி கழற்றப் பலகை, ஈரம் உலரக் காற்று என்று கேட்கின்றனர். இவற்றுள் தரையும் தொட்டியும் பற்றிய குறிப்பை பீட்டன் அம்மையார் 1861-இலேயே எழுதிவிட்டார். கேட்பவர் எசமானராக இருக்கும்போதுதான் எல்லாரும் அதைக் கேட்கத் தொடங்கினர்.

வேல்ஸ் நாட்டில் ரெக்ஸாம் நகருக்கருகே எர்டிக் என்னும் மாளிகை உண்டு. அதை ஆண்ட யார்க் குடும்பத்தார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம் பணியாளரை ஓவியமாக எழுதுவித்தவர்கள். அவர்களைப் பற்றிச் செய்யுளும் இயற்றிச் சேர்த்தவர்கள். பின்னாளில் புகைப்படக் கலை வந்ததும், பணியாளர் தத்தம் கருவிகளைக் கையிலேந்தி நிற்கப் படமெடுத்தனர். நிலக்கரிச் சுரங்கம் அடியில் தோண்டப்பட்டதால் நிலம் தாழ்ந்து, கூரை ஒழுகிச் சிதைந்த நிலையில், அவ்வீட்டை அதன் கடைசி உரிமையாளர் 1973-இல் தேசிய அறக்கட்டளைக்கு அளித்தார். பழுது பார்த்து 1977-இல் மக்களுக்குத் திறந்தபோது, வருவோரை முன்வாயிலில் வரவேற்கவில்லை. தச்சுப் பட்டறை முற்றத்தின் வழியாகப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றனர். சலவைக்கூடத்தையும், கல் நிறைந்த மாங்கிளையும், சமையலறையையும், பணியாளர் கூடத்தையும் கடந்த பின்னரே பட்டுத்திரை தொங்கும் அறைகளுக்குள் அவர்கள் நுழைந்தார்கள்.